ஐக்யூ எண் எங்கிருந்து வந்தது? ஆல்பிரட் பினே கேட்ட கேள்வியும் பிறகு நடந்ததும்

வாசிக்கத் திணறும் பிள்ளையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிப் பள்ளி அனுப்புகிறது. பெற்றோர் தேதி வாங்கிக் காத்திருந்து, ஒரு நாள் காலை முழுக்கச் சோதனை நடந்து, அப்புறம் அறிக்கை கையில் வருகிறது. நாலைந்து பக்கம் எழுதியிருந்தாலும் கண் போய் நிற்பது ஒரே இடத்தில்தான்: ஐக்யூ 74. அல்லது 82. அன்று இரவே அந்த எண் குடும்ப வாட்சாப் குழுவுக்குப் போய்விடும், மறுநாள் காலையில் பெரியம்மா தொடங்கி எல்லோருக்கும் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு முடிவு வந்திருக்கும்.

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரிடம் பேசினால் இந்தக் குழப்பம் நன்றாகத் தெரியும். "இந்த எண் மாறுமா? இவனைச் சிறப்புக் கல்வி வகுப்பில் போட்டால் அப்படியே நின்றுவிடுவானா? மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை எடுப்பதா வேண்டாமா?" இவை எல்லாமே நியாயமான கேள்விகள். ஆரம்பப்பள்ளி முடிவில் நடந்துவந்த யூபிஎஸ்ஆர் தேர்வைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இதே பயம் வேறு உருவத்தில் வருகிறது: சின்ன வயதில் ஒரு சோதனை வைத்து பிள்ளையைப் பிரிக்கலாமா?

இதற்குப் பதில் தேட வேண்டுமானால், இப்படி ஒரு சோதனையை முதலில் உருவாக்கிய மனிதர் என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்வது நல்லது. அவர் பெயர் ஆல்பிரட் பினே. ஆசிரியர் பயிற்சிப் பாடத்தில், பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேக்குப் பல பக்கம் இருக்கும், பினேக்கு ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரியும், அவர்தான் ஐக்யூவைக் கண்டுபிடித்தார் என்று தவறாகச் சொல்லும்.

முதலில் அந்த எண் என்ன சொல்கிறது

மூன்று சொற்களைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. அடைவுநிலைச் சோதனை. கற்பித்ததைப் பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்று பார்ப்பது. 2021-ல் நீக்கப்பட்ட யூபிஎஸ்ஆர் இந்த வகை, இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் இந்த வகை. இவை ஐக்யூ சோதனைகள் அல்ல.

2. நுண்ணறிவுச் சோதனை. நினைவில் வைப்பது, ஒப்பிடுவது, காரணம் காண்பது, சொல்லை விளக்குவது போன்ற பல சிறு வேலைகளைக் கொடுத்து, அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு இந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது.

3. ஐக்யூ, தமிழில் நுண்ணறிவு ஈவு. இரண்டாவது வகைச் சோதனையில் கிடைத்த விடைகளை ஒற்றை எண்ணாகச் சுருக்கியது.

இன்றைய கணக்கில் 100 என்பது அந்த வயதின் சராசரி. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள், 70-க்குக் கீழே வருவோர் 100 பேரில் சுமார் 2 பேர். இங்கே கவனிக்க வேண்டியது, இது ஓர் இட வரிசை. உயரத்தை சென்டிமீட்டரில் அளப்பது போல மூளைக்குள் இருக்கும் ஒரு பொருளை யாரும் அளக்கவில்லை. உங்கள் பிள்ளை ஒருநாள் காலையில் செய்ததையும் மற்ற பிள்ளைகள் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இந்த ஒப்பிடும் யோசனைதான் பினேயுடையது. அதை எண்ணாக்கியது வேறொருவர், அந்த எண்ணை விதியாக்கியவர்கள் இன்னும் வேறு சிலர்.

பினே யார்

1857-ல் நீஸ் நகரத்தில் பிறந்தார். அப்பா மருத்துவர், அம்மா ஓவியர், இருவரும் பிரிந்துவிட அம்மாவிடம் வளர்ந்தார். சட்டம் படித்துப் பட்டம் வாங்கினார், பிடிக்கவில்லை. மருத்துவம் தொடங்கினார், அதையும் விட்டார். அப்புறம் பாரிஸின் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து கையில் கிடைத்த உளவியல் புத்தகங்களையெல்லாம் படித்தார். உளவியலில் அவருக்கு ஆசிரியர் என்று யாரும் இருந்ததில்லை, எல்லாம் தானாகப் படித்ததுதான்.

1880-களில் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில், அன்றைக்குப் பேர்பெற்ற நரம்பியல் மருத்துவர் சார்க்கோவிடம் சேர்ந்தார். அங்கே ஹிப்னாடிச ஆய்வு நடந்துகொண்டிருந்தது. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் நோயாளியின் வலது கையில் இருக்கும் மரத்துப்போன உணர்வு இடது கைக்கு மாறுகிறது, கோபம் அன்பாக மாறுகிறது என்று பினேயும் இன்னொரு மருத்துவரும் எழுதினார்கள். பெல்ஜியத்திலிருந்து ஜோசப் டெல்பஃப் என்ற ஆய்வாளர் நேரில் வந்து பார்த்தார். நோயாளிக்குத் தெரியும்படியே காந்தத்தைக் கையாள்கிறார்கள், இப்போது என்ன நடக்கப் போகிறது என்று அவர் காதுபடவே பேசிக்கொள்கிறார்கள். எதிர்பார்ப்பதை நோயாளி செய்துகாட்டுகிறார், காந்தத்துக்கு அதில் வேலையே இல்லை என்று டெல்பஃப் நிரூபித்தார். பினே முதலில் கடுமையாக வாதாடினார், கடைசியில் ஒத்துக்கொண்டார்.

இளம் ஆய்வாளருக்கு இது ஊர் அறிந்த அவமானம். ஆனால் அவருடைய பிற்கால வேலை முழுவதற்கும் இதுதான் வேர் என்று நான் நினைக்கிறேன். சோதிப்பவர் மனதில் இருக்கும் முடிவு, சோதிக்கப்படுபவரின் விடைக்குள் நுழைந்துவிடும் என்பதைத் தன் தோலில் பட்டு உணர்ந்தவர் அவர். 1900-ல், கேட்கும் விதத்தை மாற்றினால் பிள்ளைகளின் பதில் எப்படி மாறுகிறது என்பதைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

இரண்டாவது பாடம் வீட்டில் நடந்தது. அவருக்கு மடலேன், ஆலிஸ் என்று இரண்டு மகள்கள். நடக்கப் பழகும்போது மூத்தவள் அடுத்த பிடிமானம் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் காலெடுத்து வைப்பாள், சின்னவளோ சிரித்துக்கொண்டே நடு அறைக்குத் தள்ளாடிப் போவாள். பினே இதையெல்லாம் குறித்துவைத்தார். கத்தி என்றால் என்ன என்று கேட்டால், அது வெட்டுவதற்கு என்று பிள்ளை பயனைச் சொல்கிறது. வில்லைகளைப் பரப்பிவைத்து எதில் அதிகம் என்று கேட்டால், எண்ணிக்கையைப் பார்க்காமல் அதிக இடத்தை அடைத்திருப்பதைக் காட்டுகிறது. இரண்டு பிள்ளைகளும் ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன், ஆனாலும் யோசிக்கும் விதம் வேறு வேறு. இதை 1903-ல் புத்தகமாக எழுதினார்.

மூன்றாவது, தலையளவு. மண்டை பெரிதாக இருந்தால் அறிவு அதிகம் என்று அக்காலத்தில் பெரிய பெரிய அறிவியலாளர்களே நம்பினார்கள். பினேயும் நாடாவும் கருவியும் எடுத்துக்கொண்டு பள்ளிகளுக்குப் போய், ஆசிரியர்கள் கெட்டிக்காரன் என்று சொன்ன பிள்ளைகளையும் மந்தம் என்று சொன்ன பிள்ளைகளையும் அளந்தார். வேறுபாடு மில்லிமீட்டர் கணக்கில்தான் வந்தது. அந்தச் சின்ன வேறுபாடுகூட, இவன் மந்தம் என்று தெரிந்துகொண்டு அளப்பதால் தன் கை தன்னை அறியாமல் செய்த சாய்வாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, அதையும் சோதித்துப் பார்த்து, எழுதியும் வைத்தார். தன் அளவையே சந்தேகப்பட்ட ஒருவர் கையில்தான் நுண்ணறிவுச் சோதனை பிறந்தது.

இந்த வேலைகளில் பெரும்பகுதியை அவர் சோர்போன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்தார். 1890-களின் நடுவிலிருந்து அதன் இயக்குநர், சம்பளம் கிடையாது. பிரான்சின் முதல் உளவியல் ஆண்டிதழைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

1904: அமைச்சு கேட்ட கேள்வி

1882-ல் பிரான்சில் 6 முதல் 13 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயமானது. அதுவரை பள்ளிப் பக்கமே வராத பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், சிலரால் வகுப்போடு சேர்ந்து போக முடியவில்லை. 1904-ல் கல்வி அமைச்சு ஒரு குழு அமைத்தது: இப்படிப்பட்ட பிள்ளைகளை எப்படி அடையாளம் கண்டு, எப்படிக் கற்பிப்பது? அந்தக் குழுவில் பினே இருந்தார்.

அன்றைய நிலைமை எப்படி இருந்தது என்பதை அவரே விவரித்திருக்கிறார். ஒரே பிள்ளையின் குறையை ஒரு மருத்துவர் ஒரு பெயரில் எழுதுவார், இன்னொருவர் வேறு பெயரில் எழுதுவார், இருவருமே காரணம் சொல்வதில்லை. ஆசிரியருக்குத் தொல்லை கொடுக்கும் பிள்ளையைத் தள்ளிவிட்டால் போதும் என்ற எண்ணம் இருக்கலாம். பெற்றோருக்கும் மறைக்கவோ மிகைப்படுத்தவோ காரணம் இருக்கலாம். இப்படி யாரோ ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி ஒரு பிள்ளையைச் சாதாரண வகுப்பிலிருந்து வெளியே அனுப்புவது அநியாயம் என்று பினே நினைத்தார். ஆக, சோதனை என்ற யோசனை பிள்ளையைப் பாதுகாக்கத்தான் வந்தது.

தியோடோர் சிமோன் என்ற இளம் மருத்துவரோடு சேர்ந்து 1905-ல் முதல் அளவுகோலை வெளியிட்டார். மொத்தம் 30 வேலைகள், எளிதிலிருந்து கடினத்துக்கு. எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்வதில் தொடங்கும். சாக்லேட் எது, மரத்துண்டு எது என்று பிரித்தறிவது, மூன்று எண்களைத் திருப்பிச் சொல்வது, ஈக்கும் பட்டாம்பூச்சிக்கும் என்ன வேறுபாடு என்று சொல்வது எனப் போய், சோர்வுக்கும் சோகத்துக்கும் உள்ள வேறுபாடு போன்ற நுண்மையான கருத்துகளில் முடியும்.

1908-ல் இதை வயதுவாரியாக மாற்றி அமைத்தார்கள். பள்ளிகளில் சுமார் 200 பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்து, ஒரு வயதில் பெரும்பாலோர் செய்யும் வேலையை அந்த வயதுக்கு உரியதாக வைத்தார்கள். மூன்று வயதில் மூக்கு, கண், வாய் காட்டுவது. ஐந்து வயதில் சதுரம் பார்த்து வரைவது. எட்டு வயதில் 20-லிருந்து பின்னோக்கி எண்ணுவது. ஒன்பது வயதில் காசு வாங்கிக்கொண்டு சரியான மீதி கொடுப்பது. (ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அப்பா கடையில் நிற்கும் பிள்ளை இதை ஏழு வயதிலேயே செய்துவிடும். அளவுகோல் எந்த ஊரில் செய்யப்பட்டது என்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே உதாரணம்.)

எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுக்கான வேலைகள் வரைதான் செய்தால், அதன் "மன மட்டம்" ஆறு. மட்டம் என்ற சொல்லைப் பினே வேண்டுமென்றேதான் தேர்ந்தார். மட்டம் என்றால் இன்றைக்கு நிற்கும் இடம். நாளைக்கு அது உயரலாம்.

பினே வைத்த நிபந்தனைகள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இன்றைய அறிக்கையைப் புரிந்துகொள்ள இதுதான் உதவும்.

1. இந்த அளவுகோல் நடைமுறைக் கருவி. நூலின் நீளத்தை அளப்பதுபோல அறிவை அளக்க முடியாது, அறிவு பல திறன்கள் கலந்தது என்று பினே தெளிவாகவே எழுதினார்.

2. உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான் இது. சாதாரணப் பிள்ளைகளை முதல், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசைப்படுத்துவதற்கு உருவாக்கியது அல்ல.

3. பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். ஏன் அப்படி இருக்கிறது, பிறவியிலேயே வந்ததா, நாளை என்ன ஆகும் என்பதற்கெல்லாம் இது பதில் சொல்லாது.

4. தனியறையில், ஒரு பிள்ளையிடம் ஒருவராக, அன்பாகப் பேசிப் பயம் போக்கிய பிறகே சோதிக்க வேண்டும். எண்ணை மட்டும் குறிக்காமல், பிள்ளை எப்படி விடைக்கு வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

5. வாழும் சூழல் ஒத்திருக்கும் பிள்ளைகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். இந்தப் பாடம் அவருக்கு பெல்ஜியத்திலிருந்து வந்தது. பிரசெல்ஸில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் படித்த தனியார் பள்ளியில் டெக்ரோலி என்ற மருத்துவர் இதே சோதனையை வைத்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் பாரிஸின் ஏழைப் பகுதிப் பிள்ளைகளைவிட ஒன்றரை வயது முன்னால் நின்றார்கள். கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் இடைவெளி அதிகம் வந்தது மொழி சார்ந்த கேள்விகளில். வீட்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்பது மதிப்பெண்ணில் வந்து நிற்கிறது என்று பினே புரிந்துகொண்டார். 1911-ல் அளவுகோலைத் திருத்தியபோது, பள்ளிப் படிப்பைச் சார்ந்த சில கேள்விகளை எடுத்தும் விட்டார்.

1909-ல் வெளியான புத்தகத்தில் அவர் கோபப்பட்டிருக்கிறார். அறிவு மாறாத ஓர் அளவு, அதை வளர்க்க முடியாது என்று சொல்பவர்களின் முரட்டு அவநம்பிக்கையை எதிர்த்தே ஆக வேண்டும் என்று எழுதினார். வெறும் வாய்ப்பேச்சோடு நிற்கவுமில்லை. 1905-லேயே பாரிஸில் கிராஞ்ச் ஓ பெல் தெருவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஆய்வகம் வைத்திருந்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்கென நடந்த வகுப்புகளில் அவர் பரிந்துரைத்த பயிற்சிகளுக்கு "மன எலும்புச் சீரமைப்பு" என்ற பொருளில் பெயர் வைத்தார். கோணிய முதுகை உடற்பயிற்சியால் நிமிர்த்துவது போல, கவனத்தையும் நினைவையும் பயிற்சியால் நிமிர்த்துவது. சிலை போல அசையாமல் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்ற விளையாட்டு, அட்டையில் ஒட்டிய ஒன்பது பொருள்களை ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்வது, இப்படிப்பட்டவை. இலக்கணமும் கணக்கும் அப்புறம், முதலில் உட்காரவும் கேட்கவும் கவனிக்கவும் கற்றுக்கொடுங்கள் என்றார். இப்படிப்பட்ட சிறப்பு வகுப்புகளுக்கு பிரான்சில் 1909-ல் சட்டமே வந்தது.

1911 அக்டோபரில் பினே இறந்துவிட்டார். வயது 54 தான்.

அவர் போன பிறகு

மறு வருடமே ஜெர்மனியில் வில்லியம் ஸ்டெர்ன் ஒரு கணக்குப் போட்டார். அவர் காரணம் நியாயமானதே. நாலு வயதில் இரண்டு வயது பின்தங்குவதும் பன்னிரண்டு வயதில் இரண்டு வயது பின்தங்குவதும் ஒன்றல்ல. ஆகவே கழிப்பதற்குப் பதில் வகுக்கலாம்: மனவயதை, அதாவது பினே மட்டம் என்று சொன்னதை, உண்மை வயதால் வகுத்தால் ஓர் ஈவு வரும். 1916-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டெர்மன் அதை 100-ஆல் பெருக்கி, பினே அளவுகோலைத் திருத்தி விரிவாக்கி, ஸ்டான்ஃபோர்டு-பினே என்று வெளியிட்டார். நமக்குத் தெரிந்த ஐக்யூ அன்றுதான் வந்தது. பினே உயிரோடு இருந்தவரை அந்த எண்ணே கிடையாது. சிமோன் நெடுநாள் வாழ்ந்தார், ஐக்யூ என்பது அளவுகோலின் நோக்கத்துக்குச் செய்த துரோகம் என்றே கருதினார்.

நியூஜெர்சியில் ஹென்றி காடர்ட் என்பவர் 1908-லேயே பினே சோதனையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருந்தார். அறிவு பரம்பரையாக வரும் ஒற்றைப் பொருள், மாற்றவே முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. அதாவது பினே எதை எதிர்த்தாரோ அதே. 1910-களில் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில், கப்பலிலிருந்து இறங்கும் ஏழைக் குடியேறிகளை அவருடைய ஆட்கள் மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சோதித்தார்கள். வாரக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் வந்தவர்கள், பென்சிலே பிடித்திராதவர்கள், புது நாட்டு அதிகாரிகள் முன்னால் நிற்கிறார்கள். சோதித்த யூதர், இத்தாலியர், ரஷ்யர், ஹங்கேரியரில் ஐந்தில் நாலு பேர் அறிவுக்குறை உள்ளவர்கள் என்று முடிவு வந்தது! நம் கொள்ளுத்தாத்தாக்கள் பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பலிலிருந்து இறங்கிய அன்று யாராவது இப்படிச் சோதித்திருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் சுமார் 17 லட்சம் பேருக்குக் கூட்டமாக உட்காரவைத்துச் சோதனை வைத்தது. ஒருவருக்கு ஒருவர் என்ற பினேயின் முறை அதோடு போனது.

மிக மோசமானது 1927-ல் நடந்தது. வர்ஜீனியாவில் கேரி பக் என்ற ஏழைப் பெண். வளர்த்த வீட்டில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் குழந்தை பெற்றவர். அவரும் அவர் தாயும் அறிவுக்குறை உள்ளவர்கள் என்று முத்திரை குத்த ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனை பயன்பட்டது. அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மூன்று தலைமுறை அறிவிலிகள் போதும் என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். அந்த மூன்றாம் தலைமுறை என்பது ஒரு கைக்குழந்தை. அந்தக் குழந்தை விவியன் பிறகு பள்ளிக்குப் போய், நன்றாகப் படித்தவர்கள் பட்டியலிலும் ஒருமுறை இடம்பெற்று, எட்டு வயதில் நோயில் இறந்தது. இப்படிப்பட்ட சட்டங்களால் அமெரிக்காவில் 60,000 பேருக்கு மேல் கருத்தடைக்கு ஆளானார்கள்.

காடர்ட் 1920-களின் இறுதியில் தன் கருத்துகளில் பலவற்றைத் திரும்பப் பெற்றார். பாதிக்கப்பட்டவர்களுக்கு அது எட்டவில்லை.

தவறான விடையிலிருந்து பியாஜே

பினேயின் செல்வாக்கு கெட்ட வழியில் மட்டும் போகவில்லை. முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து ஓர் இளைஞர் பாரிஸுக்கு வந்தார். கிராஞ்ச் ஓ பெல் தெருவின் ஆய்வகத்தை அவரிடம் கொடுத்து, இங்கிலாந்தில் தயாரான சில தர்க்கக் கேள்விகளைப் பாரிஸ் பிள்ளைகளிடம் கேட்டு ஒழுங்குபடுத்தச் சொன்னார் சிமோன். சரி எத்தனை, தவறு எத்தனை என்று எண்ணுவதுதான் வேலை. அந்த இளைஞருக்கு அது அலுத்தது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தவறு செய்வதைக் கவனித்து, ஏன் அப்படி யோசித்தாய் என்று பிள்ளைகளிடம் திருப்பித் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார். ஜான் பியாஜே பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராயத் தொடங்கிய இடம் அதுதான். வில்லைகளைப் பரப்பி வைத்து எதில் அதிகம் என்று மகளிடம் கேட்ட பினேயின் கேள்விக்கும், பரப்பிவைத்தால் எண்ணிக்கை கூடிவிட்டதாகப் பிள்ளை நினைக்கிறதா என்று பார்க்கப் பிறகு பியாஜே வைத்த புகழ்பெற்ற சோதனைகளுக்கும் இருக்கும் உறவு படித்தவர்களுக்குத் தெரியும்.

சோதனைகளும் மாறின

1939-ல் டேவிட் வெக்ஸ்லர் வேறு வகைச் சோதனையை வெளியிட்டார், 1949-ல் பிள்ளைகளுக்கானது வந்தது. மனவயதை வகுக்கும் கணக்கை அவர் விட்டுவிட்டு, சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று மருத்துவமனைகளில் பெரும்பாலும் இந்த வகைதான்.

1984-ல் ஜேம்ஸ் ஃப்ளின், அமெரிக்காவில் பத்து ஆண்டுக்கு மூன்று புள்ளி என்ற அளவில் ஐக்யூ ஏறிக்கொண்டே வந்திருப்பதைக் காட்டினார். பிறகு வேறு பல நாடுகளிலும் இதே ஏற்றம் தெரிந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் மரபணு மாறாது. பள்ளிப்படிப்பு, சத்துணவு, வாழும் முறை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எதுவாக இருந்தாலும், மாறாத அளவு என்ற வாதம் இதில் நிற்காது.

நாடுகளின் ஐக்யூ பட்டியல் என்று அடிக்கடி ஒன்று வாட்சாப்பில் சுற்றுகிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்ட பட்டியல்களுக்கு மூலமாக இருந்த 2002-ஆம் ஆண்டுப் புத்தகத்தில், தரவே இல்லாத நாடுகளுக்கு அக்கம்பக்கத்து நாடுகளின் எண்ணை வைத்து உத்தேசமாக நிரப்பியிருந்தார்கள். அதை நம்பிச் சண்டை போடாதீர்கள்.

நம் ஊரில் இது எங்கே தொடுகிறது

1816-ல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து எண்ணினால் இந்த நாட்டில் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு தாண்டிவிட்டது. அதில் பிள்ளையைச் சோதித்துப் பிரிக்கும் பழக்கமும் பழையது. ஆரம்பப்பள்ளி முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு வைத்து, தோற்றால் இடைநிலைப்பள்ளிக் கதவே மூடிக்கொள்ளும் என்ற காலம் 1960-களின் நடுப்பகுதி வரை இருந்தது. பிறகு 1988-ல் யூபிஎஸ்ஆர் வந்து 2021-ல் நீக்கப்பட்டது, மூன்றாம் படிவத்தில் எழுதிய பிடி3 தேர்வு மறு வருடம் போனது. தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாயில் போதிய தேர்ச்சி இல்லாமல் போகும் பிள்ளைக்குப் புகுமுக வகுப்பு என்று ஓர் ஆண்டு கூடுதல். இவை எதுவும் ஐக்யூ சோதனை இல்லை. ஆனால் புகுமுக வகுப்புப் பிள்ளை என்றாலே மக்கு என்று பேசும் வாய் நம் வீடுகளில் இருக்கிறது, அது காடர்ட் செய்த அதே பிழை. மொழி போதாததை மூளை போதாததாகப் படிப்பது.

ஆகவே கையில் அறிக்கை வைத்திருக்கும் பெற்றோர் இவற்றைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

1. எந்த மொழியில் சோதித்தார்கள்? வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் ஏழு வயதுப் பிள்ளையிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொற்பொருள் கேட்டால், வருகிற எண்ணில் ஒரு பங்கு மொழியின் எண். சொல் தேவைப்படாத, கட்டைகளை அடுக்குவது, வடிவங்களைப் பொருத்துவது போன்ற பகுதிகளில் பிள்ளை எப்படிச் செய்தது என்று தனியாகக் கேளுங்கள். இரண்டு பகுதிக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால் மொத்த எண்ணுக்குப் பொருள் குறைவு, அதை உளவியலாளரே சொல்வார்.

2. எண்ணின் இருபுறமும் உள்ள எல்லை என்ன? எல்லா அளவிலும் பிழை உண்டு. 74 என்று எழுதியிருந்தால் உண்மை நிலை அதற்குச் சில புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். நல்ல அறிக்கையில் அந்த எல்லை எழுதியிருக்கும்.

3. அன்றாட வாழ்க்கையைப் பார்த்தார்களா? தானே உடுத்துவது, கடைக்குப் போய் வருவது, மற்ற பிள்ளைகளோடு விளையாடுவது. அறிவுசார் குறைபாடு என்று முடிவு செய்ய ஐக்யூ மட்டும் போதாது, அன்றாடத் திறனையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது இன்று உலகளவில் ஏற்கப்பட்ட விதி.

4. காதும் கண்ணும் பார்த்தாயிற்றா? கேட்காத பிள்ளை பதில் சொல்லாது. இதைச் சோதிக்காமல் மேலே போகவே கூடாது.

5. டிஸ்லெக்சியாவா என்று பார்த்தார்களா? எழுத்துக் கூட்டி வாசிப்பதில் மட்டும் திணறும் பிள்ளைக்கு மற்ற யோசனைத் திறன் வயதுக்கேற்றபடி இருக்கலாம். அதற்கான பயிற்சி வேறு.

6. அடுத்து என்ன செய்யப் போகிறோம்? இதுதான் பினேயின் கேள்வி. பள்ளியில் குறைநீக்கல் வகுப்பா, சிறப்புக் கல்வி வகுப்பா, அல்லது சாதாரண வகுப்பிலேயே துணையோடு படிக்கும் உள்ளடக்கிய கல்வித் திட்டமா? எதுவானாலும் என்ன கற்றுக்கொடுப்பார்கள், எத்தனை மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஓகேயு அட்டை பற்றி ஒரு வார்த்தை. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வரும் பதிவு அது, கற்றல் குறைபாடும் அதில் ஒரு பிரிவு. உதவித்தொகைக்கும் சலுகைக்கும் கதவு திறக்கும் ஒரு பத்திரம். பதிவு செய்வது உங்கள் விருப்பம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பிள்ளை தேறி வந்தால் பதிவை நீக்கவும் கேட்கலாம். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து அட்டையை எடுக்காமல், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பேச்சுப் பயிற்சியும் துணையும் கிடைக்காமல் மூன்று நான்கு வருடம் போய்விடுகிறது. சின்ன வயதில் அந்த மூன்று வருடம் மிகப் பெரியது.

கடைசியாக, அறிக்கையை எடுத்துவைக்கும்போது தேதியைப் பாருங்கள். ஆறு வயதில் எடுத்த எண்ணைப் பன்னிரண்டு வயதில் இடைநிலைப்பள்ளி ஆசிரியரிடம் நீட்டாதீர்கள். மறு சோதனைக்கு விண்ணப்பியுங்கள். போகும்போது பிள்ளையின் பள்ளிப் புத்தகங்களையும் வரைந்த படங்களையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள், வீட்டில் என்னென்ன மொழி பேசுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், முதல் நாள் இரவு பிள்ளையை நன்றாகத் தூங்கவையுங்கள்.